மாடு நிக்குது, பால் கறக்குதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. கீழ உட்கார்ந்து கணக்கு கேட்டுச் சண்டை போடத்தான் தெரியும். ஆனா தலைவி அக்கா கூப்பிட்டு, "நீ கரண்ட் ஆட்டோ ஓட்டறவ. ஹைவேயில சார்ஜ் போடற ஸ்டேஷன் கட்ட கவர்மென்ட் கோடி கோடியா பணம் ஒதுக்குதுன்னு டிவியில சொல்றாங்க. அதுல நமக்கு என்ன இருக்குன்னு சொல்லு"ன்னாங்க. அதனால வந்தேன்.

முதல்ல நமக்குத் தெரிஞ்ச ஒரு கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம குழு ஆரம்பிச்ச புதுசுல ஒரு அக்கா மாட்டுக் கடன் கேட்டாங்க. தீர்மான நோட்டுல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கடன் கொடுத்தோம். மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது மாட்டுக்கும் கடன் வேணும்னாங்க. "முதல் மாடு எங்க?"ன்னு கேட்டோம். கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. கொட்டாயில மாடு நிக்குது. நல்ல மாடு. எல்லாரும் திரும்பக் கிளம்பிட்டோம். அப்ப எங்க குழுவுலயே வயசான பாட்டி ஒருத்தங்க கேட்டாங்க: "மாடு நிக்குது சரி, பால் கறக்குதா?" அப்புறம்தான் தெரிஞ்சது, அது மலட்டு மாடு. அந்த அக்காவும் ஏமாந்துதான் வாங்கியிருக்காங்க. பாவம்.

அன்னையிலிருந்து எங்க குழுவுல ஒரு வழக்கம். கடன் வாங்கின பொருள் இருக்கான்னு மட்டும் பார்க்க மாட்டோம். அது வேலை செய்யுதான்னு பார்ப்போம். இன்னைக்கு நான் பேசப் போற மொத்தப் பேச்சும் இந்த ஒரு கேள்விதான். மறந்துடாதீங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

நான் வங்கிக் கடனில் கரண்ட் ஆட்டோ எடுத்தேன். பகல்ல ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்குச் சாமான், பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் மெயின் ரோட்டுல இறக்கி விடுற பொண்ணுங்களை அவங்க தங்கியிருக்கிற ரூம் வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். திருவண்ணாமலை, தருமபுரி, நாகப்பட்டினம்னு எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைங்க. பொம்பளை ஓட்டற ஆட்டோன்னு நம்பி ஏறுதுங்க. அந்த நம்பிக்கைதான் என் மூலதனம்.

ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி, நல்ல மழை. ஒரு பொண்ணை ஒரகடம் பக்கம் விட்டுட்டு, இன்னும் ரெண்டு பேரோட திரும்பறேன். தண்ணி தேங்கி நின்ன இடத்தைச் சுத்திக்கிட்டு வந்ததுல சார்ஜ் இறங்கிப் போச்சு. வீடு வந்து சேராது. போன்ல பார்த்தா பக்கத்துலயே ஒரு சார்ஜிங் ஸ்டேஷன்னு பச்சைப் புள்ளி காட்டுது. நிம்மதியா அங்க போனேன். மிஷின் நிக்குது. மேல கூரை இருக்கு, போர்டு இருக்கு. ஆனா விளக்கு எரியல. திரையில ஒண்ணும் வரல. வாட்ச்மேன் தாத்தாவைக் கேட்டா, "மிஷின் வெச்சு மாசக் கணக்காகுது தாயி, இன்னும் லைன் கொடுக்கலை"ன்னார். அது எந்த இடம், யாரோடதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அவங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. லைன் வந்திருந்தாலும் என் ஆட்டோவுக்கு ஆகியிருக்காது. அது காருக்கான பிளக். என் வண்டியோட பிளக்கே வேற.

கடைசியில ஒரு பஞ்சர் கடை அண்ணன்தான் கடையைத் திறந்து, 15 ஆம்பியர் பிளக்குல ஒயர் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம். அந்த ரெண்டு பிள்ளைங்களும் டயர் மேல உட்கார்ந்து நனைஞ்ச துப்பட்டாவைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க. ஒருத்தியோட அம்மா ஊர்ல இருந்து போன் மேல போன். நான் வாங்கிப் பேசினேன். "நீங்களும் பொம்பளைதானே, அர்த்த ராத்திரியில என் பொண்ணை ரோட்டுல நிக்க வெச்சிருக்கீங்களே"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் என் ஆட்டோவுல ஏறலை. அவளோட சேர்ந்து இன்னும் நாலு பேர் நின்னுட்டாங்க. அந்த மாசம் தவணையை உள்கடன் வாங்கித்தான் கட்டினேன். நம்ம நோட்டுல அது இருக்கு.

அப்பதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த மிஷினுக்கு யார் பணம் கொடுத்தா, எவ்வளவு கொடுத்தான்னு தேட ஆரம்பிச்சேன். காலேஜ் படிக்கிற என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து படிச்சுச் சொன்னா. தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். கணக்கு நமக்குப் புதுசு இல்ல. கோடின்னாலும் கணக்கு கணக்குதான்.

மத்திய அரசு 2019 ஏப்ரலில் "ஃபேம் 2" என்ற திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 10,000 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. முதலில் நகரங்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு 16 நெடுஞ்சாலைகள், 9 விரைவுச் சாலைகளில் 1,576 நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ஒதுக்கி, நாடு முழுக்க உள்ள அவர்களின் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 வேக சார்ஜிங் நிலையம் வைக்கச் சொன்னார்கள். முதல் தவணையாக 560 கோடி, அதாவது நூத்துக்கு எழுபது, அப்பவே கொடுத்துட்டாங்க.

அடுத்து 2024 அக்டோபரில் "பி.எம். இ-டிரைவ்" திட்டம் வந்தது. மொத்தம் 10,900 கோடி. அதில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. முதலில் 2026 மார்ச் வரைக்கும் என்று இருந்ததை 2028 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். இந்த 2,000 கோடியில் எத்தனை வைக்கணும்னு இலக்கு போட்டிருக்காங்க: காருக்கு 22,100 வேக சார்ஜர், பஸ்ஸுக்கு 1,800, நம்ம ஸ்கூட்டர், ஆட்டோவுக்கு 48,400. கூட்டிப் பாருங்க, 72,300. அதுல மூணுல ரெண்டு பங்கு ரெண்டு சக்கரம், மூணு சக்கரத்துக்கு. இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன்னா, சார்ஜிங் ஸ்டேஷன்னாலே காருக்குத்தான்னு நானே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணு இருக்கணும்னும் மத்திய மின்துறை சொல்லியிருக்கு. முன்னாடி நெடுஞ்சாலையில் ரெண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒண்ணு. 2024 செப்டம்பரில் வந்த புது வழிகாட்டுதலில் 20 கிலோமீட்டருக்கு ஒண்ணு. லாரி, பஸ் மாதிரி பெரிய வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு ஒண்ணு.

சரி, பணம் இருக்கு, விதி இருக்கு. அப்புறம் ஏன் அன்னைக்கு ராத்திரி மிஷின் செத்துக் கிடந்தது?

வேக சார்ஜர்னா நம்ம வீட்டு பிளக் மாதிரி இல்ல. 60 கிலோவாட் மிஷின் ஒண்ணு ஓடணும்னா அயர்ன் பாக்ஸ் 60ஐ ஒரே நேரத்துல போட்ட மாதிரி கரண்ட் இழுக்கும். அதுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேணும், கேபிள் இழுக்கணும், மீட்டர் வைக்கணும், ஆபீசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். மிஷினை வைக்கறது ஒரு நாள் வேலை. லைன் வர்றதுதான் மாசக் கணக்கு. வந்த பிறகும் ஒரு ஒயர் போனா யார் வந்து சரி பண்ணுவாங்க, எத்தனை நாள்ல பண்ணுவாங்கன்னு கேள்வி நிக்குது. "வைத்தாகிவிட்டது" என்பது ஒரு கணக்கு. "கரண்ட் வருகிறது" என்பது வேற கணக்கு. "இன்னைக்கு வேலை செய்யுது" என்பது மூணாவது கணக்கு. பேப்பர்ல பெரிசாப் போடறது முதல் கணக்கை. நமக்கு வேண்டியது மூணாவது.

இது நம்ம நாட்டுல மட்டும் இருக்கிற வியாதி இல்ல. அமெரிக்காவில் 2021-ல் சட்டம் போட்டு, நெடுஞ்சாலையில் 50 மைலுக்கு, அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் முதல் நிலையம் ஒஹையோ மாநிலத்தில் திறந்தது 2023 டிசம்பரில். ரெண்டு வருஷம்! அவ்வளவு பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி. ஆனா அவங்க ஒரு நல்ல விதி போட்டாங்க. இந்தப் பணம் வாங்குற ஒவ்வொரு சார்ஜரும் நூத்துக்கு 97 நேரம் வேலை செய்யணும். மாடு நிக்குதான்னு கேக்கல பாருங்க. பால் கறக்குதான்னு கேட்டிருக்காங்க. எங்க பாட்டி அங்க போயிருப்பாங்களோன்னு தோணுச்சு.

இப்ப உங்கள்ல சிலர் மனசுல ஒரு கேள்வி இருக்கும். போன வாரம் ஒரு அக்கா என் முகத்துக்கு நேராவே கேட்டாங்க: "நம்ம தெருவுக்குத் தண்ணி வரல, பஸ் வரல. கார் வெச்சிருக்கிறவனுக்கு சார்ஜ் போட நம்ம வரிப் பணமா?" நியாயமான கேள்வி. நான் மழுப்ப மாட்டேன். காருக்கு மட்டும்னா எனக்கும் கோபம்தான். நாம சோப்பு வாங்கினாலும் வரி, மாத்திரை வாங்கினாலும் வரி. அந்தப் பணம் அது.

ஆனா ரெண்டு விஷயம் யோசிங்க. ஒண்ணு, இந்த வண்டிகளை நம்பித்தான் நம்ம வட்டாரமே இருக்கு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் இப்ப கரண்ட் கார் செய்யறாங்க. தமிழக அரசோடு 2023 மே மாதம் போட்ட ஒப்பந்தத்தில் நெடுஞ்சாலைகளில் 100 சார்ஜிங் நிலையம் தாங்களே அமைப்பதாகவும் அந்தக் கம்பெனி சொல்லியிருக்கு. கம்பெனி தன் காசுல வைக்கறது வண்டி ஓடற பெரிய ரோட்டுலதான் வரும். லாபம் பார்க்கற இடத்துலதான் வைப்பாங்க, அது தப்பில்ல. லாபம் இல்லாத இடத்துல, பிள்ளைப்பாக்கம் மாதிரி ஊருக்குத் திரும்பற முக்குல, ராத்திரி பொண்ணுங்க இறங்கற இடத்துல யார் வைப்பா? அதுக்குத்தான் அரசுப் பணம். அரசுப் பணமும் போய்ப் பெரிய ரோட்டு மால் வாசல்லயே நின்னா நாம சண்டை போடணும்.

ரெண்டாவது, காருக்கு ஆகிற செலவு ஆட்டோவுக்கு ஆகாது. கேரளாவில் அந்த மாநில மின்வாரியம் ரோட்டோரக் கரண்ட் கம்பத்திலேயே ஆட்டோ, ஸ்கூட்டருக்கு சார்ஜ் பாயின்ட் வைத்தது. 2021-ல் கோழிக்கோட்டில் 10 கம்பத்தில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கு மேல் வைத்தார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தேவை இல்ல. பஞ்சர் கடை அண்ணன் எனக்குக் கொடுத்தாரே, அதே அளவு கரண்ட்தான்.

அப்ப நாம என்ன செய்யலாம்? நாலு விஷயம் சொல்றேன். தீர்மான நோட்டுல எழுதிக்குங்க.

முதலாவது, இடம். இந்தப் புதுத் திட்டத்தில் அரசு அலுவலகம், அரசு ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளி மாதிரி இடங்களில், பொதுமக்கள் தடையில்லாமல் வந்து போகலாம் என்றால், லைன் செலவும் மிஷின் செலவும் முழுக்க மானியம். பஸ் நிலையம், பெட்ரோல் பங்க், டோல்கேட் போன்ற இடங்களில் லைன் செலவில் 80 சதவீதம், மிஷினில் 70 சதவீதம். இதுக்கெல்லாம் மாநில அரசு மூலமாத்தான் இடத்தைச் சொல்லி அனுப்பணும். நம்ம இடத்தை நாம சொல்லலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அடுத்த கிராம சபையில, பெண்கள் ராத்திரி இறங்கற இடத்துலயும் ஊராட்சி அலுவலகத்துலயும் ஆட்டோ, ஸ்கூட்டர் சார்ஜ் பாயின்ட் வேணும்னு தீர்மானம் போடச் சொல்லுவோம். ஊராட்சி நிலம் கொடுத்தா அதுக்கும் வருமானம் உண்டு. பொது நிலத்தைக் கொடுக்கிற அரசு அமைப்புக்கு, விற்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 ரூபாய் பங்கு என்று மத்திய வழிகாட்டுதலில் இருக்கு. நாளைக்கு 200 யூனிட் போனா 200 ரூபாய். தெருவிளக்குச் செலவுக்காவது ஆகும்.

ரெண்டாவது, காத்திருக்கிற நேரம். பெட்ரோல் போட அஞ்சு நிமிஷம். காருக்கு வேக சார்ஜ் போட அரை மணி, முக்கால் மணி. அந்த முக்கால் மணி நேரம் குடும்பத்தோட வந்தவங்க என்ன செய்வாங்க? டீ கேப்பாங்க, குழந்தைக்கு இட்லி கேப்பாங்க, பாத்ரூம் கேப்பாங்க. இது நம்ம தொழில். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ரோட்டோரம் கட்டற வசதி மையங்களில் சார்ஜிங், கழிப்பறை, சாப்பாட்டோட உள்ளூர்ப் பொருள் விற்கிற கிராமச் சந்தைக்கும் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கு. நம்ம வழியா சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை வருது, 262 கிலோமீட்டர். அந்தச் சாலையில கிராமச் சந்தை திறக்கும்போது நம்ம முறுக்கும் ஊறுகாயும் அங்க இருக்கணும். திறப்பு விழா முடிஞ்ச பிறகு போய் நின்னா கிடைக்காது. மகளிர் திட்ட அலுவலகம் மூலமா இப்பவே மனு கொடுக்கணும்.

மூணாவது, வெளிச்சமும் கழிப்பறையும். ராத்திரி தனியா ஒரு பொண்ணு அரை மணி நேரம் நிக்கற இடம் அது. விளக்கு, கேமரா, பூட்டாத கழிப்பறை, ஒரு ஆள். இது நாலும் இல்லாத இடத்துல பொம்பளை எவளும் சார்ஜ் போட மாட்டா. கழிப்பறைப் பராமரிப்பை நம்ம குழுக்கிட்ட சம்பளத்தோட கொடுங்கன்னு கேக்கலாம்.

நாலாவது, பால் கணக்கு. எண்ணெய் நிறுவனங்கள் அரசு நிறுவனங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவங்களுக்கும் பொருந்தும். 10 ரூபாய் கட்டி, வெள்ளைத் தாள்ல எழுதினா 30 நாள்ல பதில் சொல்லணும். மூணே கேள்வி கேப்போம்: காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்த மானியத்தில் எத்தனை சார்ஜர் வெச்சிருக்கீங்க? எதுக்கு எந்தத் தேதியில கரண்ட் வந்தது? போன மூணு மாசத்துல எத்தனை நாள் ஓடலை? கேட்கிறோம்னு தெரிஞ்சாலே பாதி மிஷின் உயிர் பெறும். நம்ம குழுவுல தணிக்கைக்கு ஆள் வர்றாங்கன்னா நோட்டெல்லாம் எப்படிச் சுத்தமாகுது! அது மாதிரிதான். சார்ஜ் பாயின்ட்டுக்கு கரண்ட் வராம போனா மின்வாரியத்தோட மின்னகம் இருக்கு, 94987 94987. ராத்திரியும் எடுப்பாங்க.

செய்யக் கூடாத ஒண்ணும் சொல்லிடறேன். சார்ஜிங் நிலையம் வைக்க லைசென்ஸ் வேண்டாம், யாரும் வைக்கலாம்னு 2018-லயே மத்திய அரசு சொல்லிட்டது. அதைக் காட்டி, "மானியம் வருது, குழு பேர்ல லோன் போட்டு வேக சார்ஜர் வைங்க"ன்னு யாராவது வருவாங்க. வேண்டாம். அது லட்சக் கணக்குல முதல் போடற வேலை. வண்டி வந்தாத்தான் வருமானம். வராத மாசமும் தவணை வரும். நாம கட்டற சேமிப்பு, வாரம் வாரம் வீட்டுச் செலவுல பிடிச்சு வெச்ச காசு. பெரிய மிஷினை அரசும் கம்பெனியும் வைக்கட்டும். நாம அது பக்கத்துல டீக்கடை வைப்போம். ஆசைப்பட்டா ரெண்டு சாதாரண ஆட்டோ பாயின்ட் வைப்போம். பகல் 9 மணியிலிருந்து 4 மணி வரை, சோலார் கரண்ட் கிடைக்கிற நேரத்துல, சார்ஜிங்குக்கான கரண்ட்டை மலிவாக் கொடுக்கணும்னும் வழிகாட்டுதல் இருக்கு. மத்தியானம் ஆட்டோக்காரங்க சாப்பிட வர்ற நேரமும் அதுதான். சாப்பாடும் சார்ஜும் ஒரே இடத்துல. இந்த அளவு நம்மால தாங்க முடியும்.

முடிச்சுக்கிறேன். அந்தப் பஞ்சர் கடை அண்ணனை அப்புறம் போய்ப் பார்த்தேன். காசு கொடுத்தேன், வாங்கலை. "இனிமே சார்ஜ் இறங்கினா நேரா இங்க வா, தங்கச்சி. அந்தப் பச்சைப் புள்ளியை நம்பாத"ன்னார். நல்ல மனுஷர். ஆனா எனக்கு அது வருத்தமாவும் இருந்தது. இவ்வளவு கோடி செலவு பண்ணின பிறகும், ராத்திரி பன்னண்டு மணிக்கு ஒரு பொம்பளைக்கு உதவினது ஒரு ஏழையோட பிளக்தான்.

என் ஆட்டோவை விட்டுப் போன பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் திரும்ப வந்துட்டாங்க. அந்தம்மாவோட பொண்ணு வரலை. என்னைக்காவது அவங்ககிட்ட போன் போட்டு, "அம்மா, உங்க பொண்ணு இறங்கற இடத்துல இப்ப விளக்கு இருக்கு, கரண்ட் இருக்கு, ஆள் இருக்கு. தைரியமா அனுப்புங்க"ன்னு சொல்லணும். அதுக்குத்தான் இந்தத் தீர்மானம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் அவங்க ஊர் ரோட்டுல இருக்கிற ஒரு சார்ஜிங் மிஷினை நேர்ல பார்த்துட்டு வாங்க. நிக்குதான்னு பார்க்காதீங்க. கறக்குதான்னு பாருங்க.